கரம்பொன் வெள்ளையாய் வந்த வரைபடம்

உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோலாம். பூச்சியம் என்றால் வறட்சி இல்லை, நான்கு என்றால் கடும் வறட்சி. ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக எழுதுவினைஞராக இருந்தேன். தீவுப்பகுதி ஊர்களுக்கு இந்த இலக்கங்களைத் திரட்டும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. என் பங்கு கரம்பொன், என் சொந்த ஊர். யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைபடமாகத் தரும். கடும் வறட்சியென்று கறுப்பாக வரும் ஊர்களுக்குத் தண்ணீர் பவுசர் வண்டி போகும்.

தாளில் 'ஆற்று நீர்மட்டம்' என்று ஒரு நிரல். தீவில் ஆற்றை எங்கே போய்த் தேடுவது? அதை வெட்டிவிட்டு வீட்டுக்கு வீடு கிணற்றுக்கு இலக்கம் போடச் சொன்னார்கள்: நல்ல தண்ணீரென்றால் பூச்சியம், குடிக்க முடியாத உப்பென்றால் நான்கு.

அந்தப் பவுசர் எனக்கே தேவையாக இருந்தது. எங்கள் கிணறு உவர்த்துவிட்டது. பால்மா கரைத்துக் கொடுத்தால் ஒரு வயது மகன் துப்பினான். வயிற்றாலும் போனது. தண்ணீர்தான் காரணமா, போத்தலை நான் ஒழுங்காக அவிக்கவில்லையா என்று அது வேறு யோசனை.

முதலில் பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன்.

"எங்கட கிணத்துக்கு என்ன குறை? இளநீர் மாதிரி."

"அப்ப ஏன் மாமி விடிய வெள்ளன குடத்தோட கோயில் கிணத்தடிக்குப் போறியள்?"

"கும்பிடப் போறன்."

"குடத்தோடயோ?"

"நீ படிச்ச பிள்ளை, விளங்கவேணும். என்ர பெட்டைக்கு இந்த வளவும் கிணறும்தான் சீதனம். உப்புக் கிணறெண்டு எழுதினால் ஆர் வருவான்?"

ஊர் முழுக்க இதே பதில். மகள் இல்லாத வீட்டில் பேத்தி இருந்தாள். அவர்கள் சொன்னதை மாற்ற எனக்கு என்ன உரிமை? பூச்சியம் பூச்சியமாக எழுதினேன். எங்கள் வீட்டுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. எங்கள் கிணறும் கல்யாணம் ஆகாத என் தங்கைக்கென்று இருந்தது.

வரைபடம் வந்தது. மண்டைதீவு, சுருவில் என்று மற்ற ஊர்கள் கறுப்பு. கரம்பொன் பளிச்சென்று வெள்ளை. மற்ற ஊர்களுக்குப் போனவர்கள் வெளியூர்க்காரர். ஒருவரையும் கேளாமல் வாளியைப் போட்டு நக்கிப் பார்த்து எழுதியிருந்தார்கள். நான் ஊர்ப் பிள்ளை, மரியாதையாகக் கேட்டுத் தொலைத்தேன்.

"தங்கச்சி, உங்கட ஊருக்கு மட்டும் மழை பெஞ்சதோ?" என்றார் வரைபடத்தைக் கொண்டுவந்த கணினிக்காரர்.

"இல்லை அண்ணை. அவை உண்மை சொல்லயில்லை."

"அப்ப ஏன் பூச்சியம் போட்டனீர்? தெரியாட்டில் ஒரு புள்ளி போடும். மிஷின் புள்ளியளை விட்டுட்டு மிச்சத்திலதான் சராசரி எடுக்கும். ஆனால் ஒரு இலக்கமாவது வேணும்."

குடத்தோடு போவதைக் கண்ட வீடுகளை மட்டும் புள்ளியாக்கினேன். ஒரு பூச்சியமும் மிஞ்சவில்லை. இலக்கம் போட இருந்தது எங்கள் வீடு மட்டும்தான். தங்கையிடம் கேட்டேன்.

"உப்பெண்டு ஓடுறவன் ஓடட்டும் அக்கா. பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு, எழுதுங்கோ."

அம்மாவிடம் கேட்கத் துணிவு வரவில்லை. நான்கு என்று எழுதினேன். ஒரு கிணற்றை வைத்து ஓர் ஊரையே கறுப்பாக்குவது நியாயமா என்று அலுவலகம் போகும் வழியெல்லாம் மனம் அரித்தது.

கரம்பொன் கறுப்பானது. பவுசர் வந்தது. வரிசையில் முதல் ஆள் மாமி.

"உங்கட கிணறு உப்பாமே? ஊரெல்லாம் கதைக்குது. கொம்மாவை நினைச்சுப் பாத்தியோ? தங்கச்சியை இனி ஆர் கட்டுவான்?"

"பைப்பை நேராப் பிடியுங்கோ மாமி," என்றேன். "தண்ணி வீணாப் போகுது."