ஆணியில் தொங்கிய தபால் பை

அவள் வந்த நாளிலிருந்தே அவளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ஹட்டனில் வாத்தியார். ஆங்கிலத்தில் நினைத்த மாத்திரத்தில் மின்னஞ்சல் எழுதுவாள். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீட்டிலிருந்து படித்து வந்த நான் ஒரு மின்னஞ்சலுக்கு மூன்று தடவை அகராதி புரட்டுவேன். இரண்டாயிரத்துப் பத்தை நெருங்கிக்கொண்டிருந்த காலம். ஹட்டனில் துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில், கொழும்புக் கம்பனியின் சின்னக் கிளையில், நாங்கள் இருவர்தான்.

எங்கள் பெரிய கம்ப்யூட்டருக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதாகப் பாவனை. அதில் ஒன்று இரண்டு நாளைக்கொரு தடவை உறைந்து நிற்கும். கோளாறு கர்னலில், அதாவது எல்லா வேலைகளையும் மேய்க்கும் அடிப்படை நிரலில், என்று மட்டும் தெரிந்தது. கண்டுபிடிப்பவரைக் கொழும்புக் குழுவில் சேர்ப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். இடம் ஒன்றுதான்.

ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி அடுத்ததை உள்ளே விடும் வசதி கர்னலில் உண்டு. அதை அணைத்துவிட்டு ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட உறையவில்லை. ஏனென்று புரியவில்லை, ஆனாலும் அவளிடம் மூச்சு விடவில்லை. முடிவை அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே அவளுக்கு ஒரு கதை சொன்னேன். எங்கள் லயத்தில் டவுனுக்குப் போகிறவர் குழாயடி ஆணியில் ஒரு பையை மாட்டுவார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நடை போக முடியுமா? எல்லாரும் போட்ட பிறகு பை தபால் கந்தோருக்குப் போகும். ஒரு தடவை டவுனுக்குப் போக இருந்த என் அம்மாவை, பையை மாட்டிய கையோடு தோட்ட வேலைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். டவுனும் மறந்தது, பையும் மறந்தது. பக்கத்து வீட்டு அக்கா, மகளைப் பெண் பார்க்க வரச்சொல்லும் கடிதத்தை அதில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று பலகாரத்துக்கு மா இடித்தாள். ஒன்பது நாள் பை ஆணியிலேயே தொங்கியது. மாப்பிள்ளை வீட்டார் மஸ்கெலியாவில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "இன்னொருக்காச் சொல்லும்" என்றாள்.

பின்னேரத்துக்குள் கோளாறைப் பிடித்துவிட்டாள். உள்ளே ஓடும் கம்ப்யூட்டர் தன் நினைவக வரைபடத்தைத் தானே மாற்ற முடியாது, வெளியே இருக்கும் மேற்பார்வை நிரலைக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கேட்டால் தாமதம் என்று மாற்றங்களைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பும். சேர்க்கிற வேலையைப் பாதியில் நிறுத்தினால், அடுத்து வரும் வேலை தன் மாற்றத்தையும் அதே கட்டில் போட்டுவிட்டு, மாறிவிட்டது என்று நம்பி, இல்லாத நினைவகத்தைத் தேடும். உறைந்தது அதனால்தான். கட்டு போய்ச் சேரும்வரை குறுக்கே யாரையும் விடாதே என்று இரண்டே வரி சேர்த்தாள்.

என் அம்மாவின் பை. என் லயத்துக் குழாயடி. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மேலாளர் தொலைபேசியில் நம்ப மறுத்தார். ஆதாரம் இல்லாமல் ஏற்க முடியாது, அன்றைக்கே வேண்டும் என்றார். சோதிக்க ஐந்து நாளாவது ஆகும். அவள் முகம் வாடியது. உண்மையைச் சொன்னால், அது எனக்குக் கொஞ்சம் இனித்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் அந்த இடம் அவளுக்கும் இல்லாமல் போயிருக்கும். ஆனால் எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை அவள் அறியாமல் போவதைத்தான் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து அந்த ஐந்து நாள் சோதனைத் தாளை அவள் முன்னால் வைத்தேன்.

வாசித்தாள். மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். பத்து நாள் பழசு.

"நீரும் பையை ஆணியிலயே கொழுவி வைச்சிட்டீர், என்ன?"

அடுத்த மாதம் அவள் கொழும்புக்குப் போனாள். அந்தப் பேச்சுக்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பட்டது பொறாமைதான். அந்த உவமைகூட எனக்கு முதலில் தோன்றவில்லையே.