சிலிர்த்தால் சம்மதம்

மூளையும் உணர்வும் பற்றித் துரைமார் எழுதிய புத்தகங்களைப் படித்துவிட்டு மேடையில் முழங்கும் நான், சிறுவயதில் ஓர் ஆட்டிடம் தோற்றவன். இன்று ஆவடியில் நாவிதர் பிடரியில் தண்ணீர் தெளித்ததும் உடம்பு சிலிர்த்தது. அந்த ஆடு நினைவுக்கு வந்துவிட்டது.

அன்று எங்கள் ஊர் கோவில்பதாகையில் ஆடித் திருவிழா. நான் தழை போட்டு வளர்த்த கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள். அது சிலிர்த்தால் வெட்டச் சம்மதம் என்று அர்த்தம். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“குளிர்ந்தா உடம்பு தானா சிலிர்க்கும் மாமா. அது சம்மதமா?”

“மனசு வெச்சா அடக்கலாம்டா. நீ சிலிர்க்காம நில்லு, ஆட்ட உட்டுடறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் தலையில் தண்ணீர் விழுந்ததும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உதறினேன். உடம்பு உதறி முடித்த பிறகுதான் மனசுக்கே செய்தி வந்தது.

“இவன் சம்மதிச்சிட்டான், இவனையே வெட்டு!” என்று கூட்டம் சிரித்தது.

அடுத்து கிடா. ஒரு சொம்பு ஊற்றினார்கள், பிறகு ஒரு குடமே கவிழ்த்தார்கள். அது காதைக்கூட அசைக்காமல் வேப்பிலையை மென்றது. “ஆத்தா வோணாங்கறா” என்று மாமா கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

உடம்புக்கு மனசு எஜமானன் அல்ல என்பதை அன்றே நிரூபித்தவன் நான் என்று இந்தக் கதையை நாவிதரிடம் பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கத்தியை நிறுத்தினார். “அந்த ஆடு மாதிரி ஆடாம குந்து சாமி. காது பூடும்.”