முத்தையாவின் தண்ணீர்

ஒரு கோப்பைப் பாலைப் பார்த்துவிட்டு முழு வாளிக்கும் தீர்ப்புச் சொல்கிற தொழில் என்னுடையது. இரத்தம் சோதிப்பவர்கள், நெல் மூட்டையில் குத்தூசி போடுபவர்கள், அரை மணி நேரம் பெண் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னவர்கள் எல்லோருக்கும் என் சங்கடம் புரியும்.

வரிசையில் ஓர் இடம்

எழுபதுகளில் இலங்கையில், வரக்காப்பொலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் இருந்தேன். பால் வெட்டுகிறவர்கள் முற்பகலில் வாளிகளோடு வரிசையில் நிற்பார்கள். ஒரு கோப்பை மொண்டு, மெட்ரோலாக் என்ற குழாயை அதில் மிதக்க விடுவேன். ரப்பர் பால் தண்ணீரைவிட இலேசு, அதனால் கெட்டிப் பாலில் குழாய் அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கூட்டமான நாளில் எல்லா வாளியையும் சோதிக்க முடியாது, இடையிடையே சிலதைத்தான் எடுப்பேன். முத்தையா தண்ணீர் ஊற்றுவது தோட்டத்துக்கே தெரியும், ஆனால் ஒரு தடவைகூட அகப்பட்டதில்லை. நான் எந்த வாளிக்கு வருவேன் என்று கணக்குப் பார்த்து வரிசையில் இடம் மாறிவிடுவான். கேட்டால் இருமலுக்கு நடுவே சிரிப்பான்: "ஐயா கை வர்ற எடத்துல நான் நிக்க மாட்டேங்க."

எட்டாம் மலை

அந்த இருமலே அவனைக் கொண்டுபோனது. அவன் வெட்டிய எட்டாம் மலை மரங்கள் அவன் மனைவி ராக்கம்மாவுக்கு வந்தன. அன்றிலிருந்து அவள் வாளியில் குழாய் எழும்பியது. மழைத் தண்ணீர் விழுந்திருக்கும் என்று விட்டுவைத்தேன், மழை விட்டு மண் காய்ந்த பிறகும் எழும்பியது.

வேலையாட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை அவள் பேரைப் பதிவிலிருந்து வெட்டச் சொன்னார். பேர் போனால் வேலையோடு குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும், பிள்ளைகளோடு றோட்டில்தான் நிற்க வேண்டும். தீர்ப்பு என் குழாயில். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளோ அழவில்லை: "நான் ஊத்தலங்கய்யா. உசுரோட இருந்தப்ப ஊத்துனவரு இப்பவும் ஊத்துறாரு, நான் என்னாங்க செய்ய?"

இடம் மாற்றம்

தோட்டத்து உதவி மானேஜரான சின்னதுரை, புள்ளிவிவரம் படித்துவிட்டு வந்த சிங்கள இளைஞர். "சரி, அவ மேல பிழை இல்லைன்னு முதல்ல வெச்சிக்கோங்க. அது பொய்ன்னு பால் சொல்லட்டும். ஒரு நாள் சொன்னா நம்ப வேணாம்" என்றார்.

தண்ணீர் பேச்சே எழாத செபமாலை என்ற பால்வெட்டுக்காரனை எட்டாம் மலைக்கும், ராக்கம்மாவை அவன் மரங்களுக்கும் மாற்றினார். அவள் வாளியில் குழாய் அமிழ்ந்தது. செபமாலை வாளியில் எழும்பியது, மறுநாளும் எழும்பியது. மரங்களில்தான் கோளாறு என்றார் சின்னதுரை. இரண்டு பேரும் கூட்டு என்றார் கணக்கப்பிள்ளை. செபமாலை சிலுவை போட்டுக்கொண்டான்: "மரமுமில்ல, கூட்டுமில்லங்க. வாளியத் தூக்கிட்டு நடந்தா பின்னாடி யாரோ இருமுறாங்க."

என் கையில் வாளி

கடைசியில் நானே போனேன். நல்ல வெயில். செபமாலை சேர்த்த பாலை மரத்தடியிலேயே சோதித்தேன். குழாய் அழகாக அமிழ்ந்தது, ஆகவே மரங்களில் குறையில்லை. மூடியைப் போட்டு நானே தூக்கினேன். செபமாலையை எனக்கு முன்னால் நடக்கவிட்டேன்.

பாதி வழியில் என் முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டது. தெரிந்த இருமல். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாளி மட்டும் கொஞ்சம் கனத்தது.

ஸ்டோரில் சின்னதுரை முன்னால் மூடியைத் திறந்து மொண்டேன். குழாய் எழும்பி நின்றது. அவரே ஒரு தடவை மொண்டு பார்த்தார், மீண்டும் மொண்டு பார்த்தார். ராக்கம்மா அன்றைக்கு அந்தப் பக்கமே வராததால் அவள் பேர் தப்பியது. அதைச் சொல்ல லயத்துக்குப் போனேன். அவள் கண் கலங்கக் கும்பிட்டாள். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா கை வர்ற எடத்துல நிக்க மாட்டேன்னு சொல்லுவாரு. இப்ப ஐயா பின்னாடியேதான் நிக்கிறாரு."

ராக்கம்மா தண்ணீர் ஊற்றினாள் என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை, முத்தையா ஊற்றவில்லை என்றும் நிரூபிக்க முடியவில்லை. என் தொழிலில் இதற்கு மேல் தீர்ப்புக் கேட்டு யாரும் வராமல் இருப்பதே நல்லது.