அத்தானைச் சைட்காரில் ஏற்றிச் சென்ற அக்கா

எங்கள் அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் அவரைக் கண்டு பழகியவர்களுக்கு, நெற்றியில் பொட்டும் கறுத்த தோல் ஜாக்கெட்டுமாக, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரிக்கும் அவரது தோற்றமே முதலில் நினைவுக்கு வரும். அந்த ஜாக்கெட்டை அவர் அணிய நேர்ந்த கதையை இந்த நினைவு மலரில் எழுதும்படி அத்தான் என்னைக் கேட்டுக்கொண்டார்.

அக்கா பருத்தித்துறையில் எங்கள் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால், தையல் மெசினின் முன் இருந்து எங்களை வளர்த்தவர் அவர்தான். திருமணத்தின்போது அத்தானிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பின்னால் இருக்கும்போதெல்லாம் அக்கா பயத்தில் கண்ணை மூடிக்கொள்வாராம். போர் வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அத்தான் டென்மார்க் வந்தார். இரு பிள்ளைகளுடன் அக்கா பின்னர் வந்து சேர்ந்தார். அத்தான் தொழிற்சாலையிலும் அக்கா முதியோர் இல்லத்திலுமாக உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள்.

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பின், அத்தானுக்குப் பழைய ஆசை திரும்பி வந்தது. எழுபதுகளில் நெடும் பயணங்களுக்கென்று செய்யப்பட்ட ஜெர்மன் மோட்டார் சைக்கிள் ஒன்றை, ஒரு டெனிஷ் முதியவர் முழுதாகக் கழற்றிப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருந்தார். பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். "நாங்கள் வருமுன்னம் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம்" என்று அத்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தார்; சூடான எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடுமாம். எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்திருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே சாவியைத் திருப்பினார். ஒரே முயற்சியில் அது பிடித்துக்கொண்டது. அன்றே அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இதிலை எங்கையப்பா போகப் போறியள்?" என்று அக்கா கேட்டார்.

"நோர்வேக்கு. நீரும் வாறீர்."

"நானோ? நான் காரிலை பின்னாலை வாறன்!"

அந்த இலையுதிர் காலத்திலேயே அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்தன. பேச்சு நின்றது. கரேஜில் வண்டி போர்வைக்குள் கிடந்தது. அதை விற்றுவிடும்படி உறவினர்கள் சொன்னார்கள், அக்காவும் சம்மதித்தார். வாங்குவதற்கு ஒருவர் வந்து போர்வையை விலக்கியபோது, சக்கர நாற்காலியில் இருந்த அத்தான் சத்தமில்லாமல் அழுதார். அக்கா வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, நான் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகப் போறன்."

"அக்கா, உங்களுக்குச் சைக்கிளே ஒழுங்காய் ஓட வராது!"

"ஓம். அதுக்குத்தான் பழகப் போறன்."

அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. முதல் சோதனையில் தோற்றுவிட்டார். விழா மண்டபங்களில் எங்கள் தமிழ்ப் பெண்கள் தமக்குள் சிரித்தார்கள். அவர் கோபிக்கவில்லை, இன்னொரு முறை போய் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வண்டியை விற்ற முதியவரே ஓராள் அமர்ந்து போகும் பக்கத் தொட்டியான பழைய சைட்கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வலப் பக்கத்தில் பூட்டித் தந்தார். அது வெறுமையாக இருந்தால், வலப்பக்கம் திரும்பும்போது மேலே கிளம்பிவிடும். ஆகவே அத்தானுக்கு முன் அதில் பயணம் செய்தவை இரண்டு அரிசி மூட்டைகள். அவற்றைச் சுமந்தபடி அக்கா வாரக்கணக்காக வெறுந்தெருக்களில் ஓடிப் பழகினார்.

அத்தானை ஏற்றிய நாளில் நான் என் காரில் பின்தொடர்ந்தேன். முதியோர் இல்லத்தில் கைவந்த பழக்கத்தில், அக்கா அவரை இடுப்பில் அணைத்துத் தூக்கி மெல்ல உள்ளே இருத்தினார். ஏரியோர வீதியில் ஒரு ஏற்றம் வந்தது. வண்டி உறுமித் திணறியது. திடீரென்று அக்கா ஓரமாக நிறுத்தினார். ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து இறங்கி ஓடினேன். அக்கா தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"இவர் என்னைப் பேசிறார், பிள்ளை! 'கியரை மாத்தடி' எண்டு பேசிறார்!"

பல மாதங்களாகப் பேச்சுப் பயிற்சியில் தனிச் சொற்களையே உதிர்த்த அத்தான் சொன்ன முதல் முழு வசனம் அதுதான்.

அதன்பின் கோடைகள் அவர்களுடையவை. ஹொல்ஸ்டெப்ரோ நகரில் உறவினர் வீடுகளுக்கும், ஓகூஸ் நகரில் மகள் வீட்டுக்கும் அதிலேயே போனார்கள். பராமரிப்பு முழுவதையும் அக்கா பொறுப்பேற்றார். ஒயில் மாற்றுவார், வால்வு இடைவெளி பார்ப்பார், எரிபொருளைக் கலந்து கொடுக்கும் இரண்டு காபரேட்டர்களும் ஒத்து ஓடுகின்றனவா என்று காதை வைத்துக் கேட்பார். குளிர்காலத்தில் பற்றறியைக் கழற்றிச் சமையலறை மூலையில் வைப்பார். எரிபொருள் தாங்கி துருப்பிடிக்காதிருக்கப் பெற்றோலை விளிம்புவரை நிரப்புவார். நோர்வேக்கும் போனார்கள். மலைப்பாதையில் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, பழையதன் அருகிலேயே தயாராகக் கட்டி வைத்திருந்த புதிய கேபிளை மாற்றினார். அத்தான் இடது கையால் ஸ்பானர்களை எடுத்துக் கொடுத்தாராம்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வைத்தியசாலைக்குப் போவதற்கு முதல்நாள், கரேஜில் குந்தியிருந்து ஒயில் மாற்றிக்கொண்டிருந்தார். "இப்ப இது தேவையோ, அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கில்லை, பிள்ளை. அடுத்தாக்கள் எடுக்கேக்கை எஞ்சின் நல்லாய் இருக்க வேணும்."

பிள்ளைகளும் அத்தானும் அருகிருக்க, அவர் அமைதியாகக் கண் மூடினார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், அந்நாட்களில் எங்களுக்குச் சமைத்துத் தந்த ஹொல்ஸ்டெப்ரோ உறவுகளுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்து வண்டியைப் பார்த்துத் தந்த அந்த முதியவருக்கும், இறுதி ஊர்வலத்தில் மோட்டார் சைக்கிள்களில் வந்து நின்ற அயலவர்களுக்கும் எம் குடும்பத்தின் நன்றிகள்.

இன்னும் இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த வசந்தத்தில் அத்தான் வண்டியை விற்கத் தீர்மானித்தார். முதலில் வந்தவர் சைட்காரைக் கழற்றிவிடப் போவதாகச் சொன்னார். அத்தான் தலையாட்டி மறுத்துவிட்டார். அடுத்து வந்தவரிடம், "பக்கத்தில் யார் இருப்பார்கள்?" என்று டெனிஷில் மெதுவாகக் கேட்டார். அவர் காருக்குள் இருந்த தம் மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் பார்வை இல்லை. சைட்காரின் விளிம்பைத் தடவிப் பார்த்து, தானே உள்ளே ஏறி அமர்ந்து, காலை நீட்டிச் சிரித்தார்.

அத்தான் சாவியை அப்பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

அன்புத் தங்கை