மூன்றாம் வாக்கியம் இல்லாத விடை

நாச்சிமுத்து படித்ததெல்லாம் கிணற்றுமேட்டில்தான். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். சங்ககிரிக்குத் தெற்கே அவருக்கு நாலு ஏக்கர் விவசாயக் காடும் ஓர் ஆழக் கிணறும் இருந்தன. கவலை இறைக்கும் மாடுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, முந்தின நாள் தாமே எழுதிவைத்த விடையை உரக்கச் சொல்லுவார். ஒரு சால் தண்ணீருக்கு மூன்று வாக்கியம் என்பது அவருடைய கணக்கு. மூன்றாவதைச் சொல்லும்போது சால் மேலேறி இரைச்சலோடு கவிழும். இப்படி ஏழு வருஷம் படித்து, 1934ஆம் வருஷம் சித்திரையில் சேலத்துக்குப் போய் வித்துவான் பரீட்சை எழுதினார்.

ஆவணியில் சர்வகலாசாலையிலிருந்து கடிதம் வந்தது. முன் இருக்கையிலிருந்த 212ஆம் எண்காரரின் இலக்கண விடையிலுள்ள ஒவ்வொரு வரியும் அப்படியே அவருடைய விடையிலும் இருக்கிறதாம். பார்த்து எழுதியதாகக் கருத இடமிருக்கிறதாம். அக்டோபர் நான்காம் தேதி விசாரணைக் கூட்டத்தில் சமாதானம் சொல்லாவிட்டால், இனி எந்தப் பரீட்சைக்கும் அவர் உட்கார முடியாது.

212ஆம் எண்காரரின் முகத்தை அவர் பார்த்ததில்லை. அந்த மனிதனின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்ததும், சித்திரை வெயிலில் மூன்று மணிநேரமும் அது உலராததும் மட்டுமே நினைவிலிருந்தன.

தேதி போட்ட குறிப்பேடுகள், புத்தகம் வாங்கிய ரசீதுகள், தபால் சீட்டுகள், பரீட்சை மண்டபத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்ற படம், எல்லாவற்றுக்கும் எண் போட்டு அடுக்கினார். பக்கத்துக் காட்டுக் குழந்தைவேல் வரப்பில் நின்று சிரித்தான்.

"ஏனுங்க புலவரே, பட்டணத்துக்குக் காயிதம் கொண்டு போறீங்களா, வண்டியில எருக் கொண்டு போறீங்களா?"

"எருன்னா உன்ர காட்டுலயே கொட்டியிருப்பேனே குழந்தைவேலு. போய் வேலையப் பாரு."

இரண்டு தடவை எழுதிக் கேட்டதில் 212ஆம் எண்ணின் விடைக்கு நகல் அனுப்பினார்கள். அதைத் தம் குறிப்பேட்டோடு ஒப்பிட்டபோது நாச்சிமுத்துவின் கை நின்றுவிட்டது. இரண்டு வாக்கியம் இருக்கிறது, மூன்றாவது இல்லை. மறுபடியும் இரண்டு இருக்கிறது, மூன்றாவது இல்லை. கடைசிவரை அப்படியே. தண்ணீர் கொட்டும் இரைச்சலில் அமிழ்ந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. யாரோ கிணற்றுக்குள் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

இதை நிரூபித்தால் போதும், பழி தீர்ந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மனைவி சௌந்திரம் நாலாவது வரை படித்தவள். அவளிடம் வெறுந்தாள்களையும் பென்சிலையும் கொடுத்து, கிணற்றின் நடுப்படியில் உட்காரச் சொன்னார்.

"காதுல விழறத மட்டும் எழுதோணும் புள்ள. விழாதத எழுதப்படாது."

"எனக்கு எதுக்குங்க பொய்?" என்று இறங்கினாள்.

மாடுகளை மெல்ல நடத்தி, இடைவெளி விட்டுச் சொன்னார். பதினோராம் சாலில் வடம் முறுக்கிக்கொண்டது. பேச்சை நிறுத்தி, மாடுகளை அவிழ்த்து, முறுக்கெடுத்து முடிப்பதற்குள் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. மறுபடி மாடு பூட்டப் போகும்போது சௌந்திரம் படியேறி வந்தாள்.

"சொல்லி முடிச்சுட்டீங்களே. கடைசியில நிறுத்தாமச் சொல்லீட்டீங்க, கை கடுக்குதுங்க."

அவர் பாதிதான் சொல்லியிருந்தார். தாளில் விடை முழுவதும் இருந்தது.

வாரியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். பதினோராம் சால்வரை மூன்றாவது வாக்கியங்கள் இல்லை, அவர் எதிர்பார்த்தபடியே. அதற்குக் கீழே ஒன்றுகூட விடுபடவில்லை. அங்கே தண்ணீர் கொட்டவில்லை அல்லவா?

"என்ர கொரலா கேட்டுது?"

"உங்க கொரல்தானுங்க." சொல்லிவிட்டுச் சௌந்திரம் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். "கீழயிருந்து வந்தாப்பல இருந்துது. கெணத்துல அப்படித்தான் கேக்கும்னு இருந்துட்டேன்."

கிணற்றில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பிறகு அவள், தாழ்ந்த குரலில், "கீழ்ப்பாதியக் கிழிச்சுப்போடுங்க. மேல்பாதி போதுமுங்களே" என்றாள்.

போதும்தான். மேல்பாதி மட்டும் விசாரணைக்குப் போனால் அவர் குற்றமற்றவர். முழுத்தாளும் போனால், வீட்டில் உட்கார்ந்து எழுதிய புளுகு என்று தள்ளிவிடுவார்கள். ஏழு வருஷமும் அதோடு போகும். தாளை மடித்து நகத்தால் கீறினார். கிழிக்கவில்லை.

"செய்யாத தப்புக்குப் பதில் சொல்லப் போறேன். போற வழியில ஒண்ணச் செஞ்சுட்டுப் போகச் சொல்றியா?"

தாளில் தாம் நிறுத்திய இடத்தில் சிவப்புக் கோடு போட்டார். அட்டவணையில் எழுதினார்: "ஆவணம் 41. கோட்டுக்கு மேலுள்ளது நான் சொன்னது. கீழுள்ளதைச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது."

"நம்பலீன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"நேர்ல வரட்டும். படியில உக்காத்தி வெச்சுட்டு, நான் வாய மூடிக்கிறேன்" என்றார் நாச்சிமுத்து.