குரோதாவின் துணிப்பட்டி

என்னை ஓட்டக்காரன் என்று பாரிசின் லா ஷப்பலில் யாரும் சொல்லமாட்டார்கள். சமையல்காரன் என்று சொல்லவே சிலர் யோசிப்பார்கள். ஜப்பானிய உணவகம் ஒன்றின் குசினியில் சோற்றையும் மீனையும் சேர்த்து உருட்டுகிற யாழ்ப்பாணத்தான் நான், பெயர் இராஜதுரை. முன்பு வேலை செய்த இடங்களில் என்னை வெளியே தலைகாட்ட விடமாட்டார்கள். என் முகத்தைப் பார்த்தால் மீனின் மதிப்புக் குறைந்துவிடுமாம்.

இப்போதைய முதலாளி அசல் ஜப்பான்காரர், குரோதா. முதலாளியை இங்கே எல்லோரும் பத்ரோன் என்போம். அறுபது வயது தாண்டிய பத்ரோன், ஃபொபூர் சேன்-தெனியில் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைக்கு மேலே தனியாகக் குடியிருக்கிறார். கடைக்காரர் அன்பாகக் கொடுத்த முருங்கைக்காய்க் கறியை, மரியாதை கெட்டுவிடக் கூடாதென்று சக்கையோடு விழுங்கிய மனிதர். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருக்கு 'யப்பான் அண்ணை' என்று பெயர். அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் குசினியில் சந்தித்தால் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள். ஆனால் எங்கள் இருவருக்கும் எல்லாம் விளங்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மதியம், சோற்றுப் பானையின் மூடி கொதித்தது. சுவரில் ஆணியில் ஒரு நீளத் துணி தொங்கியது, பழைய ஊதா நிறம். இழுத்தெடுத்து மூடியைப் பிடித்துத் தூக்கினேன். பத்ரோன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பழகிய விஷயம், சமாளித்திருப்பேன். அவர் துணியை வாங்கி, கஞ்சியைத் துடைத்து, மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கோவில் திரைச்சீலையில் மூக்குச் சிந்தியவனைப் போல நின்றேன்.

அன்றுதான் அவர் யார் என்று தெரிந்தது. வடக்கே பனி கொட்டும் ஓர் ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்திலேயே நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் எடுத்தவர். சக்கரங்கள் சுழல உள்ளே வைக்கும் இரும்புக் குண்டுகள் செய்யும் ஒரு கம்பனி தன் ஓட்ட அணிக்கு அவரை எடுத்தது. அங்கே அப்படித்தானாம். காலையில் மேசையில் இருந்து கடதாசிகளுக்கு முத்திரை குத்துவார், பின்னேரம் ஓடுவார், சம்பளம் ஒன்றுதான். இரண்டு முறை நாட்டு அணிக்கான மரதன் தேர்வுக்குப் போனார். மூன்று பேரை எடுக்கும் இடத்தில் இரண்டு முறையும் நான்காவதாக வந்தார். நான்காவதாக வந்தவனின் படத்தைப் பத்திரிகைக்காரன் வெட்டித்தான் போடுவான் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த நாட்டில் மரதனைவிட ஊர்விட்டு ஊர் ஓடும் அஞ்சலோட்டம் பெரிது. கையில் தடி இல்லை. தோளில் குறுக்காகப் போடும் துணிப்பட்டியைத்தான் ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முதலில் வந்த அணி போய் அதிக நேரமாகிவிட்டால், காத்து நிற்பவனை அதிகாரி வேறொரு வெள்ளைப் பட்டியோடு அனுப்பிவிடுவார். அப்போது பின்னால் வருகிறவன் கொண்டுவரும் பட்டியை வாங்க ஆளில்லை. தன் கடைசிப் போட்டியில் பத்ரோனுக்கு முழங்கால் பிசகியது. நொண்டி நொண்டி வளைவைத் திரும்பியபோது அடுத்த ஓட்டக்காரனின் முதுகுதான் தெரிந்தது. அன்று யாரும் வாங்காத பட்டியால்தான் நான் பானை மூடியைப் பிடித்திருந்தேன்.

"அவன் செய்தது சரி," என்றார் பத்ரோன். "சட்டம் சட்டம்தான்."

கம்பனி அவரை வேலையால் நிறுத்தவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்களாம். அந்த அன்பைத் தாங்க முடியாமல் பாரிசுக்கு வந்து, தெரிந்தவர் ஒருவரின் குசினியில் கோப்பை கழுவினார். என்னைப் போலவே ஆரம்பித்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை. கோப்பை கழுவியது மட்டும்தான் எங்கள் ஒற்றுமை என்பதைப் பிறகு யோசித்தேன்.

போன வசந்தகாலத்துக்கு முன் பத்ரோன் ஒரு கடதாசியோடு குசினிக்குள் வந்தார். பொண்டியிலிருந்து லா வில்லெத் வரை கால்வாய்க்கரையில் நால்வர் அணிகளுக்கு அஞ்சலோட்டமாம். பரிமாறுகிற டேமியனும் கல்லாவில் இருக்கும் ஆன்-சோஃபியும் சம்மதித்துவிட்டார்கள், அவர் மூன்றாவது ஆள்.

"துரை-சான், நீங்கள் நான்காவது," என்றார், பெயரோடு ஜப்பான் மரியாதையும் சேர்த்து. "தினமும் ரயிலுக்கு ஓடுகிறீர்கள். பார்த்திருக்கிறேன்."

நான் ஓடுவதைத்தான் பார்த்திருந்தார். அந்த ரயிலைப் பிடித்ததை அவர் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கடைசியில் அவரே ஓடினால் கௌரவம் என்று நழுவப் பார்த்தேன். கடைசி ஆள் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்றார். அந்தப் பழைய ஊதாப் பட்டியைத்தான் ஓட்டத்துக்குக் கொண்டுவரப் போகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் சொன்னதும் மனைவி சுகிர்தம் என் வயிற்றைப் பார்த்தாள். "உங்களுக்கென்ன விசரே? மூண்டாம் மாடிக்கு ஏறினாலே முட்டு வந்த ஆக்கள் மாதிரி இரைக்கிறியள்."

பட்டியின் கதையைச் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த மனுசன் குடுக்க ஆளில்லாமல் இவ்வளவு காலமும் வைச்சிருக்குது. போய் வாங்குங்கோ. ஓடுறது பிறகு பாப்பம்."

பயிற்சி தொடங்கினேன். சப்பாத்து வாங்கினேன், லா ஷப்பல் முழுக்கச் சொன்னேன். சொன்ன அளவுக்கு ஓடியிருந்தால் உண்மையிலேயே மெலிந்திருப்பேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்த நாட்டில் உத்தியோக மேலங்கி போட்டு யார் என்ன சொன்னாலும் கேட்கிறவன் நான். மெட்ரோவில் டிக்கெட் கேட்டால் வதிவிட அட்டையையும் சம்பளத் துண்டையும் சேர்த்து நீட்டுவேன். வந்த காலத்தில் ஒவ்வொரு அலுவலக யன்னலிலும் என்னைக் காப்பாற்றியவை இரண்டே சொற்கள், 'பா கொம்ப்ரி', விளங்கவில்லை. பிரெஞ்சு படித்த பிறகு அவற்றைக் கைவிட்டேன். விளங்கத் தொடங்கியதும் கீழ்ப்படிவதைத் தவிர வழி இருக்கவில்லை.

போட்டி நாளன்று பான்தான் பாலத்தடியில் நான் காத்து நின்றேன். ஆன்-சோஃபியும் டேமியனும் நன்றாக ஓடியிருந்தார்கள். மூன்றாவது ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், என்னோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றேன். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஓர் இளைஞன் வந்தான், மார்பில் ஜூலியன் என்று எழுதியிருந்தது.

"ஐயா, நேரம் முடிந்தது. கரையைச் சனங்களுக்குத் திறக்க வேண்டும். பட்டி இல்லாமலே புறப்படுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அணியைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவோம்."

மேலங்கியைக் கண்டதும் என் கால் தானாகவே முன்னே போனது. அப்போது தூரத்தில் பத்ரோனைக் கண்டேன். அதே முழங்கால், அதே நொண்டல். தலையைக் குனிந்தபடி வந்தார். நிமிர்ந்தால் மறுபடியும் ஒரு முதுகைப் பார்க்க வேண்டிவரும் என்று பயந்திருப்பார். முன்னே போன காலைப் பின்னே எடுத்தேன்.

நான் ஜூலியனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தேன். "பா கொம்ப்ரி."

அவன் மெதுவாகச் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னான். கடைசியில் நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினான், என்னைவிட நன்றாகவே ஓடினான். நான் தலையாட்டிப் பாராட்டினேன். இருபத்தெட்டு வருடம் கஷ்டப்பட்டுப் படித்த பிரெஞ்சை அன்று ஒரு சொல் விடாமல் மறந்தேன். அவன் பெருமூச்சு விட்டு எங்கள் இலக்கத்தை வெட்டிவிட்டு, தடுப்பை அகற்றினான். சைக்கிள்களும் பிள்ளை வண்டிகளும் உள்ளே வந்தன.

"பத்ரோன், இஞ்சை, இஞ்சை நிக்கிறன்," என்று தமிழில் கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டார். பட்டியைக் கழற்றி இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி வந்து தந்தார். வாங்கியவன் உடனே ஓட வேண்டாமா? பழக்கதோஷத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அதில் கொஞ்ச நேரம் போனது. சிறிது தூரம் ஓடித் திரும்பிப் பார்த்தேன். ஓடி முடித்ததும் பாதைக்கு நன்றி சொல்வது அவர்கள் வழக்கமாம், வந்த பாதையைப் பார்த்து இடுப்பு வளையக் கும்பிட்டபடி நின்றார். பிள்ளை வண்டி தள்ளிய ஒரு பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

பிறகு நான் ஓடியது பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதே வண்டி என்னை முந்தியது. லா வில்லெத்தில் முடிவுக் கோட்டைச் சுருட்டி வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். கோடு இருந்த இடத்தில் பத்ரோன் நின்றார். மெட்ரோவில் வந்திருக்கிறார். ஒரு காலோடு வந்த அவரே என்னை முந்திவிட்டார்.

நான் இரைத்துக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றேன். என் வியர்வையில் பட்டி நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த மேலங்கிக்காரர் போகச் சொன்னார்," என்றார். "நீங்கள் போகவில்லை."

"ஓம்."

"அது பெரிய பிழை, துரை-சான். அணியே இல்லாமல் போய்விட்டது." அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவுமில்லை. "சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

"பா கொம்ப்ரி, பத்ரோன்," என்றேன்.