மாமாவின் கராஜுக்கு முன்னால் ஓடிய கான்

என் அப்பா என் தாய்மாமா மேல் வழக்குப் போட்ட வருடம், எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. அந்தக் காலத்து மாத்தளை டவுன் ஒரே நீளத் தெரு. யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் போகாத வீடு எது என்பதும் தெரியும்.

அப்பா நகரசபையில் சுகாதார ஓவசியர். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ‘கவுன்சிலில் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உண்மையில் அது கான் பார்க்கிற வேலை. தெருவோரக் கான்களில் மழைத்தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறதா, மரக்கறிக் கடைக்காரர்கள் அழுகின தக்காளியை அதற்குள் தள்ளுகிறார்களா என்று நாள் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார். இரத்தோட்டைப் பக்கம் மலை கறுத்தால் மற்ற வீடுகளில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பா தெருவுக்கு ஓடுவார்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், டவுனின் மேல் முனையில் லொறி கராஜ் வைத்திருந்தார். தம்புள்ளைப் பக்கம் போகிற லொறிகள் பாதிக்குமேல் அவர் கராஜில் நின்றுதான் போகும். பெரிய உருவம், அதைவிடப் பெரிய சிரிப்பு. தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்த அம்மாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். இன்னொருத்தி வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

லொறிகளிலிருந்து இறக்குகிற பழைய ஒயிலைக் கராஜ் ஆட்கள் வாசலில் ஓடுகிற கானில் ஊற்றிவிடுவார்கள். மழை பெய்தால் அந்தத் தண்ணீரில் நீலமும் ஊதாவும் பச்சையுமாக நிறங்கள் நெளியும். மாமா மகளும் நானும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். அந்த நிறங்கள் தெருவைக் கடந்து, கீழ்ச்சந்துக்குள் இறங்கி, கடைசியில் சுதுகங்கையில் போய் விழும் என்று நாங்கள் யோசித்ததில்லை. அதை யோசிப்பதற்கு ஊரில் ஒருவருக்குத்தான் உத்தியோகம் கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா பேச்சை எடுத்தார்.

“மச்சான், அந்த ஒயிலக் கான்ல ஊத்தாம ஒரு டிரம்ல புடிச்சு வைங்களேன். வேலிக் கட்டைக்குப் பூசுனா கறையான் அண்டாது. கேக்குறவங்களுக்குக் குடுத்துறலாம்.”

“ஒரு மழ பெஞ்சா எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும் மாப்ள. நீங்க சாப்புடுங்க.”

அம்மா சிரித்துக்கொண்டே அண்ணனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். மறுநாள் அப்பாவே ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு போய்க் கராஜில் நிறுத்திவிட்டு வந்தார். கொஞ்ச நாள் ஒயில் அதற்குள் விழுந்தது. டிரம் நிறைந்ததும் அதை அப்புறப்படுத்த யாருக்கும் நேரமில்லை. பழையபடி கானுக்கே போனது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கீழ்ச்சந்தில் கான் நிரம்பி வழிந்து, அங்கிருந்தவர்களின் பொதுக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. காலையில் அப்பாவோடு நானும் போனேன். வாளியை இழுத்தால் தண்ணீரின் மேல் கறுப்பாக ஆடை கட்டியிருந்தது. கராஜ் வாசம் அடித்தது. வெறுங்குடத்தோடு நின்ற ஒருத்தி அப்பாவைப் பார்த்து, “இந்தத் தண்ணியத்தாங்க ஐயா புள்ளைகளுக்குக் குடுக்கணும்?” என்று கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. அப்பா என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நேரே கவுன்சில் கந்தோருக்குப் போய் வழக்கு எழுதினார்.

சாயந்தரம் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

“இன்னொரு தடவ சொல்லிப் பாத்திருக்கலாமே.”

“சொன்னேன்ல.”

“அவரு எங்க அண்ணங்க.”

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, “கெணத்துக்கு அது தெரியாதே” என்றார். அன்றைக்கு அம்மா அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

கோர்ட்டில் போட்ட அபராதம் மாமாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அவர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு, கூண்டில் ஏற்றி, அத்தனை பேர் பார்க்க நிற்க வைத்தார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. கராஜில் வேலை பார்த்த கீழ்ச்சந்து ஆட்களை அந்த வாரமே நிறுத்திவிட்டார்.

மாமா மகள் பள்ளிக்கூடம் போகும்போது தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். என் முகத்தைப் பார்க்காமல், “அப்பா பேசக் கூடாதுன்னாரு. நீ என்னயக் கூப்புடாத” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்பா கிணற்றைக் காப்பாற்றிக் கொடுத்ததால் கீழ்ச்சந்துக்காரர்களாவது எங்களோடு நிற்பார்கள் என்று நான் நினைத்தேன். கிணற்றடியில் அன்று கேள்வி கேட்டவளைக் கடைத்தெருவில் பார்த்து அம்மா பேச்சுக் கொடுத்தாள். “ஐயா செஞ்சது ஞாயந்தாங்க. ஆனா எங்க வீட்டு ஆளுக்கு வேல போயிருச்சே” என்று சொல்லிவிட்டுக் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் நடந்தாள். இப்படி அப்பா இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவரானார். நாங்களும் ஆனோம்.

இடைவேளை மணி அடித்தால் எனக்குப் பயமாக இருக்கும். மைதானத்தின் ஓரத்துப் பலா மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்பேன். சீக்கிரம் தின்று முடித்தால் மிச்ச நேரத்தில் என்ன செய்வது?

அடுத்த தை பிறந்தபோது நான் பெரிய பிள்ளை ஆனேன். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். சீர் கொண்டுவர வேண்டும். மாமன் இல்லாத சடங்கை அம்மா பார்த்ததில்லை. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்து, தெரு முழுக்கப் பார்க்கக் கராஜுக்கு நடந்து போனார். திரும்பி வந்தபோது தட்டு வைத்தபடியே இருந்தது. நான் பின்னறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னங்க சொன்னாரு?”

“கவுன்சில்லருந்து ஒரு ஆள அனுப்பிச் சடங்கச் செய்யச் சொல்லுன்னாரு.”

கடைசியில் அப்பாவே குடிசை கட்டினார். முறைப்படி அவர் அதைத் தொடக்கூடாது, கட்டவும் தெரியாது. குடிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டு மூன்று பெண்கள் வந்தார்கள், வந்ததும் போனார்கள். என் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தெருவில் லொறிச் சத்தம் கேட்டால் அம்மாவின் கை நிற்கும். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி ஊற்றும். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. மாமா வராததைவிட, மாமா மகள் இல்லாமல் சடங்குக்கு எடுத்த புதுச் சேலையை யாருக்குக் காட்டுவது என்றுதான் அழுதேன்.

மாமா அதற்குப் பிறகும் வரவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. வழக்கு முடிந்த நாளிலிருந்து அந்தக் கானில் ஒரு சொட்டு ஒயில் இறங்கவில்லை. கராஜ் வாசலில் மூடி போட்ட டிரம்கள் வரிசையாக நின்றன. கீழ்ச்சந்துக் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, மறுபடி தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். நிறுத்திய ஆட்களையும் மாமா ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டார். எங்களைத்தான் சேர்த்துக்கொள்ளவில்லை.

மழை பெய்த நாளெல்லாம் அப்பா மேல் முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து தலையைத் துவட்டும்போது அம்மா பக்கத்தில் போய் நிற்பாள்.

“கான் எப்பிடிங்க ஓடுது?”

“சுத்தமா ஓடுது.”

“டிரம்முக்கு மூடி போட்டிருக்கா?”

“போட்டிருக்கு.”

“கராஜ் தொறந்துதான இருந்துச்சு?”

“தொறந்துதான் இருந்துச்சு. வேல நடக்குது. உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுத்த மழைக்கும் இதே கேள்விகள், இதே பதில்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். கான் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டதால் அம்மாவுக்கும் கான் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன்.